செவலை: காப்பகத்துக்கு வந்து, தெருவுக்கே திரும்பிய ஒரு நாயின் நிகழ்வு ஆய்வு

இது ஒரே ஒரு நாயைப் பற்றிய பதிவு. மதுரைக்கு வெளியே, ரிங் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும் ஒரு சின்னக் காப்பகத்துக்கு 2024 கோடையில் அவன் வந்தான். மழைக்காலம் தொடங்கும் நேரத்தில் போய்விட்டான். செவலை நிறம் என்பதால் செவலை என்றே கூப்பிட்டோம். இடையில் நடந்ததை நோட்டில் எழுதி வந்தவர்களில் நானும் ஒருத்தி. அங்கே எனக்குச் சம்பளம் கிடையாது. வார நாட்களில் ஆபீஸ் முடிந்து சில சாயங்காலங்களும், ஞாயிற்றுக்கிழமை காலையும் போகிற தன்னார்வலர்.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "நாங்க என்ன செய்யணும்?" என்பதுதான். கூட்டுவது, கழுவுவது, சோறு வைப்பது என்று அடுக்கிச் சொல்லலாம்; எல்லாம் உண்மையான வேலைதான். ஆனால் அந்த வேலைகள் எதற்காக என்பது செவலையின் நோட்டைப் படித்தால் நன்றாகப் புரியும். ஒரு நாயைக் காப்பகத்திலிருந்து வெளியே அனுப்பி வைப்பதுதான் காப்பகத்தின் வேலை. நாம் காட்டுகிற பாசமும் அதற்குத்தான் உதவ வேண்டும். அங்கே நாம் செலவழிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அந்த நாயை வாசலுக்குக் கொஞ்சமாவது பக்கத்தில் கொண்டு போகிறதா என்று பார்க்கப் பழகினால், மற்றது எல்லாம் தானாக வரும்.

கழுத்தில் இருந்த கயிறு

பைபாஸ் ஓரத்து டீக்கடை ஒன்றில் வளர்ந்தவன் செவலை. வளர்ந்தவன் என்றால், கடைக்குச் சொந்தம் இல்லை. கடை மாஸ்டர் போடும் பன்னும், பக்கத்து பரோட்டா கடையில் மிஞ்சுவதும் சாப்பாடு. குட்டியாக இருந்தபோது மாநகராட்சி வண்டி வந்து பிடித்துப் போய்விடக் கூடாது என்று யாரோ நல்லெண்ணத்தோடு கழுத்தில் ஒரு நைலான் கயிற்றைக் கட்டியிருக்கிறார்கள். கழுத்தில் ஏதாவது இருந்தால் வீட்டு நாய் என்று விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கை நம் ஊர்களில் பரவலாக உண்டு. கட்டினவர்கள் பிறகு அந்தப் பக்கம் வரவில்லை. 3 கிலோ இருந்த குட்டி ஓராண்டில் 14 கிலோ நாயானது. கயிறு அதே கயிறு.

டீ மாஸ்டருக்கு முதலில் தெரிந்தது நாற்றம்தான். நாய் படுத்து எழுந்த இடத்தில் ஈ மொய்த்திருக்கிறது. கழுத்தைச் சுற்றி ஈரம். நம்முடைய வெயிலுக்குப் புண்ணில் ஈ உட்கார்ந்து முட்டையிட்டால் ஒரு நாளுக்குள் புழு வந்துவிடும். அது உயிருள்ள சதையைத் தின்று உள்ளே போகும். யாரோ ஒருவர் மண்ணெண்ணெய் ஊற்றியிருக்கிறார். இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன்: மண்ணெண்ணெய், பெட்ரோல், ஃபினாயில் எதையும் புண்ணில் ஊற்றாதீர்கள். மேலே இருக்கும் புழு சாகும், கூடவே தோலும் வெந்து போகும். வலி தாங்காமல் நாய் ஓடி ஒளியும், அப்புறம் பிடிக்கவே முடியாது. செவலைக்கும் அதுதான் நடந்தது. எங்கள் ஆட்கள் போனபோது இரண்டு முறை தப்பி ஓடிவிட்டான். மூன்றாவது முறை டீ மாஸ்டரே பன்னைக் கையில் வைத்துக் கூப்பிட்டு நிறுத்திக்கொள்ள, பின்னாலிருந்து வலையைப் போட்டார்கள்.

டாக்டர் மயக்க ஊசி போட்டு மேஜையில் படுக்க வைத்த பிறகுதான் முழுதாகப் பார்க்க முடிந்தது. கயிறு வெளியே தெரியவே இல்லை. அதன் மேல் தோல் மூடிக்கொண்டிருந்தது. கழுத்தின் அடிப்பக்கத்தில் மட்டும் முடிச்சு ஒரு கொட்டைப்பாக்கு அளவுக்குத் துருத்திக்கொண்டு நின்றது. அந்த முடிச்சிலிருந்து தொடங்கி, கத்தரியின் மழுங்கிய நுனியை உள்ளே விட்டு, அங்குலம் அங்குலமாக நறுக்கி எடுத்தார். சுற்றிலும் முடியை மழித்து, சலைன் ஊற்றிக் கழுவி, ஃபோர்செப்ஸால் புழுக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்கள். பிறகு வலி மாத்திரை, ஆன்டிபயாடிக், வெறிநாய்க்கடித் தடுப்பூசி என்று முறையாகப் போயிற்று. ரத்தப் பரிசோதனையில் உண்ணிக் காய்ச்சலும் தெரிந்தது. ரத்தத்தட்டுகள் குறைவு. அதற்கு டாக்ஸிசைக்ளின் 28 நாள் கொடுத்தாக வேண்டும். தட்டு குறைவாக இருக்கும்போது கத்தி வைத்தால் ரத்தம் நிற்காது என்பதால், கருத்தடை ஆபரேஷனையும் தள்ளிப் போட்டார் டாக்டர். செவலை காப்பகத்தில் அத்தனை காலம் இருக்க நேர்ந்ததற்கு முதல் காரணம் இதுதான்.

சாக்ஸும் டி-ஷர்ட்டும்

கழுத்துப் புண்ணில் ஒரு சிக்கல் உண்டு. வேறு எங்கே புண் இருந்தாலும் நாய் நக்காமல் இருக்கக் கழுத்தில் கூம்பு மாட்டிவிடலாம். புண்ணே கழுத்தில் என்றால் எங்கே மாட்டுவது? அதோடு, கழுத்தை நாயால் நக்க முடியாது, பின்னங்காலால் சொறியும். புதுச்சதை வரத் தொடங்கினால் அரிப்பும் வரும். ஒரே ராத்திரியில் நகத்தால் கிழித்து மறுபடியும் முதல் நாள் நிலைக்குக் கொண்டு வந்துவிடும்.

வழி சொன்னது காப்பகத்தில் சமைக்கிற அக்கா. அவர் பேரன் போட்டுக் கழித்த பள்ளிக்கூட சாக்ஸை எடுத்து வந்தார். "காலுக்குப் போட்டு விடுங்கம்மா, நகம் படாதுல்ல" என்றார். இரண்டு பின்னங்கால்களுக்கும் சாக்ஸ் மாட்டி, நழுவாமல் மேலே பேப்பர் டேப்பை இறுக்காமல் சுற்றி விட்டோம். கழுத்துக்கு, பழைய பனியன் துணி டி-ஷர்ட்டின் கழுத்துப் பட்டையை அறுத்துத் தளர்த்தி, முன்னங்கால்களைக் கை வழியே விட்டு மாட்டினோம். காற்று போகும், ஈ உட்காராது. தினமும் மாற்ற வேண்டும், துவைக்க வேண்டும். அந்தத் துவைக்கும் வேலையைக் கல்லூரிப் பையன் ஒருவன் ஏற்றுக்கொண்டான். நாயைத் தொடாமலே அவன் செய்த அந்த வேலைதான் புண் ஆறியதற்குப் பாதிக் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

முதல் பத்து நாளில் சீழ் நின்றது. அப்புறம் ஓரங்களிலிருந்து இளஞ்சிவப்பாகச் சதை நிரம்பத் தொடங்கியது. சமையல் அக்கா தினமும் சோற்றில் ஒரு முட்டையைக் கூடுதலாக உடைத்து ஊற்றினார். காயம் ஆறுகிற உடம்புக்குப் புரதம் வேண்டும் என்று டாக்டர் சொன்னதை அவர் ஒரு நாளும் மறக்கவில்லை.

கை வந்தால் என்ன நடக்கும்

உடம்பு தேறத் தேற இன்னொரு பிரச்சினை வெளியே வந்தது. காய்ச்சலிலும் வலியிலும் சுருண்டு கிடந்தவரை தொட விட்டான். தெம்பு வந்ததும் கழுத்துப் பக்கம் கை போனாலே உறைந்து நின்றான். வால் அடிவயிற்றுக்குள் போகும், காது பின்னால் படியும், கண்ணில் ஓரமாக வெள்ளை தெரியும். அப்படி நிற்கும் நாயைச் சிலர் "சாது" என்று நினைத்து இன்னும் கிட்டே போவார்கள். அது சாது இல்லை. கடிப்பதற்கு முன்னால் கொடுக்கும் கடைசி அவகாசம். உறுமினால் நல்லது, உறுமும் நாய் நமக்குத் தகவல் சொல்கிறது. உறுமியதற்காக அடித்தாலோ அதட்டினாலோ, அடுத்த முறை தகவல் சொல்லாமலே கடிக்கும்.

அந்தச் சமயத்தில் எழுதிய நோட்டைத் திருப்பினால் ஒரே பக்கத்தில் நான்கு கையெழுத்து. ஒருவர்: "செவலை நல்ல மூட். தலையைத் தடவினேன், ஒன்றும் செய்யவில்லை." அடுத்தவர் அதே நாளில்: "கிட்டே போக விடவில்லை. பல்லைக் காட்டினான். சாப்பிடவில்லை." இன்னொருவர்: "மருந்து போடப் பிடித்து அழுத்த வேண்டியிருந்தது." கடைசியாக: "பிஸ்கட் கொடுத்தோம், சாப்பிட்டான். ராத்திரி வயிற்றுப்போக்கு."

காப்பகத்தைக் கவனித்துக்கொள்ளும் அண்ணன் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னது இது: "ஏம்மா, ஒரு நாயி, நாலு ஆளு, நாலு விதமா பண்றாங்க. எந்தக் கை சோறு போடும், எந்தக் கை அமுக்கும்னு அதுக்கு எப்படித் தெரியும்? ரெண்டு பேரு மட்டும் பாருங்க. மத்தவங்க அந்தக் கூண்டுப் பக்கமே போக வேணாம்."

அந்த ஒரு முடிவுதான் செவலையின் போக்கை மாற்றியது. மருந்து போடுவது அந்த அண்ணன் மட்டும், காலையில், மேஜை இருக்கும் அறையில். பழக்குவது நான், சாயங்காலம், கூண்டுக்குள். மருந்தறையில் என்ன நடந்தாலும் அது கூண்டுக்கு வராது. கூண்டில் யாரும் பிடித்து அழுத்த மாட்டார்கள். இடத்தையும் ஆளையும் நேரத்தையும் பிரித்து வைத்தது அவனுக்குச் சில நாட்களிலேயே புரிந்தது. மற்ற தன்னார்வலர்களுக்கு இது வருத்தமாகத்தான் இருந்தது. பாவம், அந்த நாயைப் பார்க்கத்தான் சிலர் வந்தார்கள். ஆனால் பயந்த நாயிடம் பத்துப் பேர் காட்டும் அன்பு பத்து மடங்கு அன்பாக அதற்குத் தெரிவதில்லை. பத்துப் புது ஆட்களாகத்தான் தெரிகிறது.

நான் செய்தது பெரும்பாலும் சும்மா உட்கார்ந்திருந்ததுதான். அவனுக்கு நேராக இல்லாமல் பக்கவாட்டில், கண்ணைப் பார்க்காமல், வேக வைத்த ஈரல் துண்டுகளோடு. முதலில் துண்டைத் தூர வைப்பது. பிறகு கொஞ்சம் பக்கத்தில். பிறகு உள்ளங்கையில். அவன் கொட்டாவி விட்டாலோ, சும்மாவே உதட்டை நக்கினாலோ, அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுவது. தூக்கமோ பசியோ இல்லாதபோது அவை இரண்டும் நாய் பதற்றத்தில் இருப்பதைக் காட்டும். அப்புறம் தாடைக்கு அடியில் ஒரு விரல், உடனே ஈரல். விரலை எடுத்தால் ஈரலும் நிற்கும். கழுத்தைத் தொட்டால் நல்லது வருகிறது என்று அவன் உடம்பு கற்றுக்கொள்ள வேண்டும். அதற்கு அவசரமே ஆகாது.

கழுத்தில் பட்டை கட்டி இழுத்துப் போவது இவனுக்கு ஒருபோதும் ஒத்துவராது என்பதால், மார்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸ் வாங்கினோம். அதையும் முதல் வாரம் மாட்டவில்லை. சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் சும்மா போட்டு வைத்தோம். கொக்கி மாட்டும்போது வரும் 'டிக்' சத்தத்துக்கே துள்ளினான். அதனால் தூரத்தில் உட்கார்ந்து 'டிக்' செய்து ஈரல் போட்டேன். அந்தச் சத்தம் கேட்டால் வாலாட்டிக்கொண்டு வரும் நாள் வந்த பிறகுதான் உடம்பில் மாட்டினோம்.

மற்ற வேலைகள், சுருக்கமாக

காப்பகத்தில் நாளின் பெரும்பகுதி கழுவுவதில் போகிறது. இதில் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்று. நாய்க்குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் ஃபினாயிலுக்குச் சாகாது. மண்ணில் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில்கூட உயிரோடு இருக்கும். அட்டைப்பெட்டியில் வைத்து வாசலில் விட்டுப் போகிற குட்டிகளில் ஒன்றுக்கு அது இருந்தால் போதும், மற்றதும் போய்விடும். முதலில் மலத்தையும் அழுக்கையும் சோப்பு போட்டுக் கழுவி, பிறகு ப்ளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் 30 பங்கு கலந்து ஊற்றி, 10 நிமிடம் ஊற விட வேண்டும். அழுக்கின் மேலேயே ப்ளீச் ஊற்றினால் பலன் இல்லை. பூனை இருக்கும் பக்கம் ஃபினாயில் போகவே கூடாது. அதில் உள்ளதைப் பூனையின் ஈரல் சமாளிக்காது. குட்டிகள் பக்கம் போய்விட்டுச் செவலையிடம் போகக் கூடாது. முதலில் செவலை, கடைசியாகக் குட்டிகள், அப்புறம் நேரே வீட்டுக்குப் போய்க் குளியல் என்று வரிசை வைத்திருந்தோம்.

இன்னொன்றும் தவறாமல் செய்ய வேண்டும். நாயைத் தொடும் வேலைக்கு வருகிறவர்கள் முன்கூட்டியே வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்: முதல் நாள், 7-ஆம் நாள், பிறகு 21 அல்லது 28-ஆம் நாள் என மூன்று ஊசிகள். போட்டுக்கொண்டவர்களுக்கும் கடி பட்டால், ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அவர்களுக்கு அன்றைக்கு ஒன்று, மூன்றாம் நாள் ஒன்று என இரண்டு ஊசி போதும். உலகில் வெறிநாய்க்கடியால் இறப்பவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில்தான் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நோயின் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்ற வழி கிடையாது. "நம்ம நாய்தானே" என்று யாரும் இதில் சலுகை எடுக்கக் கூடாது.

கூண்டு செய்த வேலை

மூன்றாவது மாதத்தில் புண் மூடிவிட்டது. முடி வளராத வளையம் மட்டும் கழுத்தைச் சுற்றிப் பளபளவென்று நின்றது. ரத்தத்தட்டுகள் ஏறின. கருத்தடை ஆபரேஷனும் முடிந்தது; மயக்கத்தில் இருக்கும்போதே, ஆபரேஷன் ஆன நாய் என்று தெரு ஆட்களுக்கும் மாநகராட்சி ஆட்களுக்கும் தெரிவதற்காகக் காதின் நுனியில் V வடிவத்தில் வெட்டினார்கள்.

உடம்பு சரியானது. ஆனால் நாய் மோசமாகிக்கொண்டே போனான். கூண்டின் இடது மூலையிலிருந்து வலது மூலை, திரும்ப இடது மூலை, இப்படியே நடந்தான். சோற்று வாளி சத்தம் கேட்டால் மட்டும் நிற்பான். பக்கத்துக் கூண்டு நாய் குரைத்தால் கம்பியைக் கடித்தான். எங்களில் சிலர், "வெளியே இருந்தப்ப பட்ட கஷ்டம் இப்பத்தான் தெரியுது" என்றார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. வெளியே பட்டது கழுத்தில் இருந்தது, அது ஆறிவிட்டது. இது கூண்டு கொடுத்தது.

இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஐந்து அமெரிக்கக் காப்பகங்களில் 207 நாய்களை ஓரிரு இரவுகள் வீடுகளுக்கு அனுப்பி, சிறுநீரில் கார்ட்டிசால் அளவைப் பார்த்து 2019-இல் வெளியிட்டார்கள். வீட்டில் இருந்தபோது மன அழுத்தத்தைக் காட்டும் அந்த அளவு குறைந்தது. காப்பகத்துக்குத் திரும்பியதும் பழைய அளவுக்கே வந்தது. திரும்பி வந்ததால் நிலைமை முன்பைவிட மோசமாகவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. "ஒரு நாள் கூட்டிப்போய்த் திரும்ப விட்டால் ஏங்கிப் போகும்" என்று பயந்துதான் நாங்கள் யாரும் அதைச் செய்யாமல் இருந்தோம்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் செவலையை எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். ஆட்டோவில் முழுக்க நடுங்கினான். வீட்டுக்குள் வரவில்லை, வாசல் திண்ணைக்கு அடியில் சாக்கை விரித்தேன், அங்கேயே படுத்தான். தெருவில் போகும் பைக், குப்பை வண்டி, பக்கத்து வீட்டுச் சேவல் எதற்கும் தலையைத் தூக்கவில்லை. காப்பகத்தில் ஒரு பொழுதும் நான் பார்க்காத தூக்கம் அது: பக்கவாட்டில் சரிந்து, நான்கு கால்களையும் நீட்டி, கழுத்து முழுதும் வெளியே தெரிய. மறுநாள் காலையில் கேட்டுக்கு வெளியே தெரு நாய் ஒன்று வந்து மோந்தபோது, வாலைத் தாழ்த்தி, உடம்பை வளைத்து, ஒழுங்காகப் பழகினான். தெரு நாய்க்கு என்னென்ன தெரிய வேண்டுமோ அதெல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தது. நோட்டில் அதை விவரமாக எழுதினேன், ஏனென்றால் அடுத்த முடிவுக்கு அதுதான் ஆதாரம்.

இரண்டு வாசல்

அந்த வாரமே தத்தெடுக்க ஒருவர் வந்தார். வீடு கட்டிக்கொண்டிருக்கிறார், கம்பி, சிமெண்ட் கிடக்கும் இடத்துக்குக் காவல் வேண்டும். நல்ல மனிதர், மரியாதையாகப் பேசினார், சாப்பாட்டுக்குக் குறை வைக்க மாட்டேன் என்றார். போய்ப் பார்த்தோம். நிழல் இருந்தது, தண்ணீர்த் தொட்டி இருந்தது, ஒரு இரும்புக் கம்பமும் சங்கிலியும் இருந்தன. "பகல்ல கட்டித்தான் ஆகணும், ஆளுங்க வேலை செய்வாங்கல்ல. ராத்திரியும் கட்டலேன்னா ஓடிடும்" என்றார்.

நீண்ட நேரம் குட்டைச் சங்கிலியில் கட்டி வைப்பதை 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் கொடுமை என்றே சொல்கிறது. ஆனால் முதல் முறைக்கு அதில் இருக்கும் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான், யார் பயப்படுவார்கள்? சட்டம் இருக்கட்டும். கழுத்தில் கயிறு புதைந்து கிடந்த நாயை மறுபடியும் கழுத்தில் கட்டப்போகிற இடத்துக்கு அனுப்ப எங்களில் யாருக்கும் மனம் வரவில்லை. அவரிடம் அப்படியே சொன்னோம். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான், ஆனாலும் புரிந்துகொண்டார்.

அடுத்தது, டீக்கடை. இதற்குத்தான் எங்களுக்குள்ளேயே வாக்குவாதம் வந்தது. நான்கு மாதம் வளர்த்துவிட்டு ரோட்டில் விடுவதா, லாரி போகிற ரோடு, மழை வேறு வருகிறது என்று ஒரு தங்கை அழுதே விட்டாள். அவள் கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லக் கொஞ்சம் பழைய கதை வேண்டும்.

சென்னையில் 1860-களிலிருந்தே தெருநாய்களைப் பிடித்துக் கொன்றார்கள். நூற்றாண்டு தாண்டியும் எண்ணிக்கை குறையவில்லை, கூடியது. சாப்பாடு கிடைக்கும் தெருவில் இருக்கும் நாய்களை எடுத்துவிட்டால் அடுத்த தெருவிலிருந்து வேறு நாய்கள் வரும், குட்டி போடும். ப்ளூ கிராஸ் அமைப்பினர் 1964-இலேயே, கொல்லாதீர்கள், கருத்தடையும் ஊசியும் போட்டு அதே இடத்தில் விடுங்கள் என்று சொல்லத் தொடங்கினார்கள். மாநகராட்சி அதை ஏற்று நாய்களைக் கொல்வதை நிறுத்தியது 1996-இல். 2001-இல் அது நாடு முழுவதற்கும் விதியானது. 2023-இல் புதிய விதிகள் வந்தன. பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும் என்பது அந்த விதியின் உயிர்நாடி. ஒரு பகுதியில் நூற்றுக்கு 70 நாய்களுக்காவது வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டிருந்தால் நோய் அங்கே பரவ முடியாமல் நின்றுவிடும். செவலை அந்த டீக்கடை ஓரத்தில் நின்றால், ஊசி போட்ட, குட்டி பெருக்காத ஒரு நாய் அந்த இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறது என்று அர்த்தம்.

ஆனால் விதி மட்டும் போதாது, அங்கே ஆள் இருக்க வேண்டும். அண்ணனும் நானும் போய் டீ மாஸ்டரிடம் பேசினோம். அவர் கேட்ட முதல் கேள்வி, "கயிறு எடுத்தாச்சா?" இரண்டாவது, "எப்ப கொண்டு வர்றீங்க?" இடையில் ஒருநாள் வந்து பார்க்கலாம் என்று இருந்தாராம், கடையை விட்டு வர முடியவில்லையாம். மறுபடியும் யாரும் கழுத்தில் எதையும் கட்ட விடக் கூடாது என்று சொன்னோம். "கட்டுனா அறுத்து எறிஞ்சிருவேன் தம்பி, நீங்க கவலப்படாதீங்க" என்று அண்ணனிடம் சொன்னார். காதில் இருக்கும் வெட்டுதான் இனி அவனுக்கு அடையாளம், மாநகராட்சி வண்டி வந்தாலும் அதைக் காட்டினால் போதும் என்று விளக்கியபோது அவருக்கு நிம்மதி. முதலில் கயிறு கட்டப்பட்டதே அந்தப் பயத்தால்தானே.

திரும்பப் போனது

விடியற்காலை, ரோட்டில் வண்டி குறைவாக இருக்கும் நேரத்தில் கொண்டு போனோம். ஆட்டோவிலிருந்து இறங்கியதும் ஹார்னஸைக் கழற்ற விட்டான். கழுத்துக்கு மேலே என் கை போனபோது தலையைத் தாழ்த்திக் கொடுத்தான். அங்கே முன்பிருந்தே இருக்கும் கிழட்டுப் பெட்டை நாய் வந்து மோந்து பார்த்தது. செவலை நேரே கடைக்குப் பின்னால் போய், அடுப்புச் சாம்பல் கொட்டும் இடத்தில் மூன்று சுற்று சுற்றிப் படுத்துக்கொண்டான். முதல் வாரம் தினமும் யாராவது ஒருவர் போய்ப் பார்த்தோம். பிறகு வாரம் ஒருமுறை. இப்போது மாஸ்டரே வாட்ஸாப்பில் போட்டோ அனுப்புகிறார். ஆண்டுக்கு ஒருமுறை ஊசி போட எங்கள் ஆள் போவார்; இவன் தெரிந்த ஆளிடம் நிற்கிறான், வலை வேண்டியதில்லை.

செவலை போன பிறகு நாட்டில் நிலைமை நிறைய மாறியிருக்கிறது. டெல்லித் தெருநாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொல்லி 2025 ஆகஸ்ட் 11-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. ஆகஸ்ட் 22-இல் மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தி, வெறிநோய் உள்ளவையும் மூர்க்கமானவையும் தவிர மற்ற நாய்களை ஊசியும் ஆபரேஷனும் முடித்து அதே இடத்தில் விடலாம் என்றது. நவம்பர் 7-இல் பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்ட், ரயில் நிலையம் போன்ற வளாகங்களில் பிடித்த நாய்களை அங்கேயே திரும்ப விடக் கூடாது என்று இன்னொரு உத்தரவு வந்தது. செவலையின் டீக்கடை ஒரு பஸ் ஸ்டாண்டுக்குள் இருந்திருந்தால், இன்றைக்கு அவனுக்கு நாங்கள் வேறு வழி தேட வேண்டியிருக்கும். அப்படி வரும் நாய்கள் இனி அதிகமாகும். நான்கு மாதத்திலேயே மூலைக்கு மூலை நடக்கத் தொடங்கிய நாயைப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: ஆயுள் முழுக்க அடைத்து வைக்கத்தான் வேண்டும் என்றால், நம்மிடம் இப்போது இருக்கும் கூண்டுகள் அதற்கு லாயக்கில்லை. இடம் பெரிதாக வேண்டும், கூட்டாளி நாய் வேண்டும், தினமும் ஒரே நேரத்துக்கு வருகிற ஆட்கள் வேண்டும்.

எங்கள் காப்பகத்தில் மூன்று விஷயங்களை மாற்றினோம். பயந்த நாய் வந்தால் முதல் நாளே இரண்டு பேருக்கு மட்டும் பொறுப்பு. மற்றவர்கள் துணி துவைப்பது, சமையலுக்கு உதவுவது, நோட்டு எழுதுவது என்று பிரித்துக்கொள்கிறார்கள். உடம்பு தேறிய நாய்களைச் சனி ஞாயிறுகளில் வீட்டுக்கு அனுப்பும் பட்டியல் ஒன்று இருக்கிறது. இதற்கு முன்வருபவர்கள் இன்னும் குறைவு, மொட்டை மாடியோ திண்ணையோ இருப்பவர்கள் யோசித்துப் பார்க்கலாம். அப்புறம், நாய் வந்ததும் நிரப்பும் படிவத்தில் எங்கே பிடித்தது, என்ன காயம் என்பதோடு, எங்கே போகும், அங்கே யார் பார்த்துக்கொள்வார்கள், அவர் போன் நம்பர் என்ன என்று கேட்கும் ஒரு கட்டமும் சேர்ந்திருக்கிறது. முதல் நாளில் அது பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை கூடும்போது, காலியாக இருக்கும் படிவங்களைத்தான் முதலில் எடுத்துப் பேசுகிறோம்.